ஆவன்னாவுக்கு ஒரு சுழி

நிறுவி வாரியத்தில் இதுவரை ஒரு தவறும் நடந்ததில்லை. அதற்கு அத்தாட்சியாக ஒரு பதிவேடே இருக்கிறது. அட்டையில் 'தவறுகள்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, உள்ளே இருநூறு பக்கமும் வெள்ளையாக, ஆண்டுக்கு ஒரு முறை தலைவர் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டுகிற பதிவேடு. அதில் தன் பெயரை ஏற்றச் சொல்லி ஒரு மனிதர் படி ஏறி இறங்கிய கதை இது.

அவரை வாரியத்தில் எல்லோரும் மூட்டைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மூட்டை கட்டுவதுதான் அவர் வேலை. பொது அலுவலகங்களில் இருக்கும் டோக்கன் மிஷின், வருகை மிஷின், எடை மிஷின் ஆகியவற்றுக்கு வேண்டிய மென்பொருளை ஒன்றாகக் கட்டி, கொண்டுபோய்ப் போட்டால் தானே பிரிந்து தானே உட்கார்ந்துகொள்கிற மாதிரி செய்து அனுப்ப வேண்டும். வெளியே அதற்கு இன்ஸ்டாலர் என்று பெயர். வாரியத்தின் தாள்களில் நிறுவி. பதினாறு வருடமாகக் கட்டுகிறார். வேலை சுத்தமான ஆள் என்று பெயர் எடுத்தவர். அந்தப் பெயர்தான் பின்னால் அவருக்கு வினையாக வந்து சேர்ந்தது.

மிஷின்களுக்குள் இருக்கும் பிராசஸரில் இரண்டு வகை. ஒரு வகை எண்ணை இடப்பக்கத்திலிருந்து படிக்கும், இன்னொரு வகை வலப்பக்கத்திலிருந்து. ஆகவே ஒவ்வொரு மூட்டையிலும் இரண்டு அமைவுக் கோப்புகள் இருக்க வேண்டும். முதல் வகைக்கு 'அமைவு-அ', இரண்டாம் வகைக்கு 'அமைவு-ஆ'. மூட்டை மிஷினுக்குள் போனதும், இது எந்த வகை என்று பார்த்து உரியதை எடுத்துக்கொள்ளும். இடது கால் செருப்பு, வலது கால் செருப்பு மாதிரிதான். எண்ணை எந்தப் பக்கமிருந்து படிப்பது என்று சொல்லும் ஒற்றை வரியில்தான் இரண்டுக்கும் வித்தியாசம்.

இந்த வகை வேறுபாட்டை உலகம் ஆர்க்கிடெக்சர் என்கிறது. வாரியத்தின் சொல்லாக்கக் குழு ஏழு தடவை கூடி, பிஸ்கட் சாப்பிட்டு, அதற்குக் 'கட்டடக்கலை' என்று பெயர் சூட்டியது. பெயர் சூட்டியதோடு விட்டிருக்கலாம். கட்டடம் தொடர்பான கோப்புகள் யாவும் கட்டடப் பிரிவின் ஒப்புதல் பெற்ற பிறகே வெளியே போக வேண்டும் என்று எப்போதோ போட்ட சுற்றறிக்கை ஒன்று அடுத்த வாரமே தூசி தட்டி எழுந்து உட்கார்ந்தது. அன்றிலிருந்து மூட்டைக்காரர் தன் கோப்புகளைத் தரைத்தளத்தில் உள்ள கட்டடப் பொறியாளரிடம் கொண்டுபோனார்.

பொறியாளர் கெட்டவர் இல்லை. கோப்பை அச்செடுத்து, ஸ்கேல் வைத்து அளந்து, இது எத்தனை மாடி, காற்றோட்டத்துக்கு என்ன ஏற்பாடு, தீப்பிடித்தால் வெளியேற வழி எத்தனை என்று எழுத்தில் கேட்பார். மூட்டைக்காரர் எழுத்தில் பதில் சொல்வார். ஒரே மாடி, ஜன்னல் இல்லை, வெளியேற டெலீட் என்ற ஒரு வழி மட்டும் உண்டு என்று ஒருமுறை எழுதிக் கொடுத்தார். ஒரே வழி போதாது என்று கோப்பு திரும்பி வந்தது.

"எனக்கு இது என்னன்னே தெரியாது சார்," என்று பொறியாளர் ஒருநாள் மனம்விட்டுச் சொன்னார். "தெரியாத விஷயத்துல சட்டுனு கையெழுத்துப் போட்டா அது பொறுப்பில்லாத்தனம். அதான் எனக்குத் தெரிஞ்ச கேள்வியாக் கேக்கறேன். நாலு மாசம் கேட்டப்புறம் போட்டா, அது பொறுப்பா இருக்கு."

இப்படித்தான் அரசு மருத்துவமனைகளின் டோக்கன் மிஷின்களுக்கான மூட்டையில் 'அமைவு-அ' ஒப்புதலாகி வந்துவிட்டது. 'அமைவு-ஆ' நாலு மாதம் கீழேயே கிடந்தது. இரண்டு கோப்பும் இல்லாமல் மூட்டையின் வாயைக் கட்ட முடியாது. அதனால் மூட்டைக்காரர், இடத்தைப் பிடித்து வைப்போம் என்று, அனாவையே ஒரு நகல் எடுத்து, பெயரில் மட்டும் ஒரு சுழியைப் போட்டு ஆவன்னா ஆக்கி உள்ளே வைத்தார். உண்மையான ஆவன்னா வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்பது திட்டம்.

அது வந்தது. மூட்டையை அனுப்ப வேண்டிய வெள்ளிக்கிழமை மாலை மூன்றரை மணிக்கு, 'நிலநடுக்கத்தைத் தாங்கும்' என்ற முத்திரையோடு மேசைக்கு வந்தது. மூட்டையைப் பிரித்து, பொய் ஆவன்னாவை எடுத்துவிட்டு, மெய் ஆவன்னாவை வைத்து, மறுபடி கட்டி, பதிவேட்டில் கையெழுத்து வாங்க அரை மணி நேரமாவது ஆகும். நாலு மணி பஸ்ஸை விட்டால் அடுத்ததில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போக வேண்டும். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

திங்கட்கிழமை மூட்டை போய்விட்டிருந்தது. அனுப்பும் பிரிவு என்றைக்கும் இல்லாத சுறுசுறுப்போடு வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கே அனுப்பிவிட்டது. மூட்டை தேறியது என்று சோதனைப் பிரிவும் எழுதியிருந்தது. சோதனைப் படிவத்தில் எண்கள் முன்பே அச்சடித்திருக்கும்: 11, 22, 33, 44. இவற்றை இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் ஒன்றுதான். மூட்டைக்காரர் அதைக் கவனித்தார். யாரும் கேட்கவில்லை, தானும் சொல்லவில்லை. பெரும்பாலான மிஷின்கள் முதல் வகைதானே என்று மனதைத் தட்டித் தூங்க வைத்தார்.

மூன்று மாதம் கழித்து ஒரு புதன்கிழமை, மாமியாரின் கண்ணைக் காட்ட அரசு கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். டோக்கன் எண் 31. முன்னால் இன்னும் இருபது பேர் இருக்கிறார்கள், மதியம் ஆகிவிடும் என்று அவர் பேப்பரை விரித்தார். கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு அம்மா, ஐம்பது வயதிருக்கும், திரையைப் பார்த்து மைக்கில் எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பதினொன்று என்றார். ஒருவர் எழுந்து போனார். அடுத்து இருபத்தொன்று என்றார். அதற்கடுத்து முப்பத்தொன்று என்றார்.

"பரவாயில்லையே மாப்பிள்ளை," என்று மாமியார் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நீங்க கூட வந்தா எல்லாம் சீக்கிரம் நடக்குது."

மூட்டைக்காரர் எண்களை மனதுக்குள் திருப்பிப் போட்டுப் பார்த்தார். பன்னிரண்டு இருபத்தொன்றாக, பதின்மூன்று முப்பத்தொன்றாக வருகிறது. இது இரண்டாம் வகை மிஷின். உள்ளே இருப்பது சுழி போட்ட அனா.

பதின்மூன்றாம் எண்காரர் எழுந்து கூண்டைத் தட்டினார். காலையில் 01 என்ற டோக்கனோடு வந்தவரைப் பத்தாவதாகத்தான் கூப்பிட்டார்களாம். வேண்டியவர்களை முன்னால் விடுகிறாள் என்று ஆளாளுக்குச் சேர்ந்துகொண்டார்கள். திரையில் வருவதைத்தான் படிக்கிறேன் என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். திரை அவர் பக்கம் மட்டும் திரும்பியிருந்ததால் யாரும் நம்பவில்லை. இதோ நிற்கிறாரே, இந்த முப்பத்தொன்று உனக்குச் சொந்தமா என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் மூட்டைக்காரரைப் பார்த்தார்கள். அவர் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு டாக்டர் அறைக்குள் போய்விட்டார்.

அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. உடம்புக்கு என்னங்க என்று மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றுமில்லை என்றார். ஒரு பாவமும் அறியாத ஒருத்தி தன்னால் ஊர் வாயில் விழுகிறாள், தான் அவளைப் பார்த்துக்கொண்டே முன்னால் போய் உட்கார்ந்தோம் என்று சொல்ல நா எழவில்லை.

மறுநாள் காலை நேரே தலைவர் அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தலைவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு நாற்காலியைக் காட்டினார்.

"பாருங்க மூட்டை. தப்புப் பண்றவங்களை நாம வேலைக்கு எடுக்கறதில்ல. உங்களை எடுத்திருக்கோம். அப்ப நீங்க தப்புப் பண்ணலைன்னுதானே அர்த்தம்? நான் உங்களை நம்பறேன். நீங்கதான் உங்களை நம்ப மாட்டேங்கறீங்க."

இல்லை சார், கோப்பைத் திறந்தாலே தெரியும் என்றார் மூட்டைக்காரர்.

"திறக்க வேண்டாம்," என்றார் தலைவர். "ஒரு தப்பை ஒத்துக்கிட்டோம்னு வைங்க. நாளைக்கு ஆளாளுக்கு நாம செய்யறதெல்லாம் சரியா இருக்கான்னு பாக்க ஆரம்பிச்சிடுவாங்க. ஒரு நிறுவனத்துக்கு அதைவிட அவமானம் உண்டா?"

பிறகு, அந்த அம்மாவை நாம் ஒன்றும் கைவிடவில்லை, அவர் எழுதிய கடிதத்துக்குக்கூட நானே பதில் போட்டிருக்கிறேன் என்று ஒரு தாளை நீட்டினார். இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்த டோக்கன் அம்மா எழுதிய கடிதம். மிஷினில் எண்கள் திரும்பி வருகின்றன, தயவுசெய்து கவனிக்கவும் என்று ஒரே வரி. கீழே வாரியத்தின் பதில்: 'போன எண்கள் திரும்பி வந்தது குறித்து வாரியம் மகிழ்ச்சி அடைகிறது.'

மூட்டைக்காரர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். தான் நாலு மணி பஸ்ஸில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த மாதங்களில் எல்லாம் அந்த அம்மா யாராவது வந்து பார்ப்பார்கள் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று தோன்றியது. மூட்டைக்காரருக்குத் தன்னை நினைத்தாலே கூசியது.

கண் மருத்துவமனையில் சண்டை முற்றி, நிர்வாகி எழுத்தில் விசாரணை கேட்டுவிட்டார். வாரியம் ஒரு குழுவை அனுப்பியது. தலைவர், கட்டடப் பொறியாளர், படிவங்களைத் தூக்கிக்கொண்டு மூட்டைக்காரர். பொறியாளர் கண்ணாடிக் கூண்டைச் சுற்றி வந்து, விரிசல் இல்லை என்று குறித்துக்கொண்டார். தலைவர் சோதனைப் படிவத்தை எடுத்தார். மிஷினுக்குப் பதினொன்று கொடுத்தார்கள். திரையில் பதினொன்று வந்தது. இருபத்திரண்டு, முப்பத்துமூன்று, நாற்பத்துநான்கு எல்லாம் மணிமணியாக வந்தன. அப்போது உட்கார்ந்திருந்தவர்களில் இருபத்திரண்டாம் எண்காரர் ஒருவர் எழுந்து, தனக்கு இங்கே ஒரு குறையும் இருந்ததில்லை என்று சாட்சி சொன்னார். தலைவர் அவர் கையைக் குலுக்கினார்.

"பன்னெண்டு போட்டுப் பாருங்க சார்," என்றார் டோக்கன் அம்மா. கெஞ்சவில்லை, மெதுவாகத்தான் கேட்டார்.

"பன்னெண்டு படிவத்துல இல்லம்மா," என்றார் தலைவர். "படிவத்துல இல்லாததைச் சோதிச்சா அது சோதனை இல்ல, சந்தேகம். நாங்க யாரையும் சந்தேகப்பட வரலை."

மூட்டைக்காரர் பக்கத்தில் நின்ற நிர்வாகியைப் பார்த்து வாயைத் திறந்தார். தலைவர் பேனா கேட்டார். பேனாவை எடுத்துக் கொடுத்தார். கொடுத்த கையோடு வாயும் மூடிக்கொண்டது. டோக்கன் அம்மா ஒரு கணம் அவரையே பார்த்தார். முப்பத்தொன்று என்று அடையாளம் தெரிந்ததோ என்னவோ.

அதற்கு மேல் தாங்கவில்லை. வாரியம் ஒத்துக்கொள்ளாவிட்டால் போகட்டும், இனியாவது அந்த அம்மா வசை கேட்காமல் இருக்கட்டும் என்று முடிவு செய்தார். திங்கட்கிழமை மருத்துவமனை திறப்பதற்கு முன்பே பராமரிப்பு என்று சொல்லி உள்ளே போனார். காவலாளி வாரியத்தின் அடையாள அட்டையைப் பார்த்து விட்டுவிட்டார். மிஷினைத் திறந்து, பொய் ஆவன்னாவை எடுத்துவிட்டு, நிலநடுக்கத்தைத் தாங்கும் மெய் ஆவன்னாவை வைத்தார். ஒன்று அழுத்தினார், ஒன்று வந்தது. பன்னிரண்டு அழுத்தினார், பன்னிரண்டே வந்தது. மொத்தம் ஆறு நிமிடம். படிவம், பதிவேடு, கையெழுத்து எதுவும் இல்லாவிட்டால் அவ்வளவுதான் வேலை. அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு முதல் முறையாக அவர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

அவருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அந்தத் திங்கட்கிழமையிலிருந்துதான், விசாரணை முடியும்வரை டோக்கன் அம்மா வேலைக்கு வரக்கூடாது என்று வெள்ளிக்கிழமை மாலையே உத்தரவு போயிருந்தது. கூண்டில் புதிதாக ஒருவர் உட்கார்ந்தார். அவர் கூப்பிட்ட எண்கள் எல்லாம் வரிசையாக வந்தன. அந்த வாரம் ஒரு சண்டைகூட இல்லை.

வாரியத்தின் அறிக்கை பத்து நாளில் தயாரானது. அவ்வளவு வேகமாக வாரியத்தில் எதுவும் தயாரானதில்லை. மூட்டைக்காரர்தான் அதை எட்டுப் பிரதி எடுக்க வேண்டியிருந்தது. 'அம்மையார் விலகிய நாள் முதல் எண்கள் ஒழுங்காக அழைக்கப்படுகின்றன. ஆகவே திரையில் எண்கள் என்றும் நேராகவே இருந்துள்ளன. படித்தவர் கண்ணில்தான் அவை திரும்பியுள்ளன. அம்மையாரின் நாணயத்தில் வாரியத்துக்கு ஐயமில்லை. ஆயினும் கண் சரியில்லாத ஒருவர் கண் மருத்துவமனையிலேயே பணியாற்றுவது அம்மருத்துவமனைக்கு அழகன்று.'

பிரதிகளைக் கையில் பிடித்துக்கொண்டே மூட்டைக்காரர் தலைவர் அறைக்கு ஓடினார். அந்தத் திங்கட்கிழமை நான்தான் சார் கோப்பை மாற்றினேன், அதனால்தான் சரியானது என்றார்.

"மாத்தச் சொல்லி நான் உத்தரவு போட்டேனா?"

இல்லை என்றார்.

"உத்தரவு இல்லாம இங்க எதுவும் நடக்காது. அப்ப நீங்க மாத்தலை," என்றார் தலைவர். குரலில் கோபமே இல்லை. "உங்களுக்கு இளகின மனசு. அதுக்காக இல்லாத தப்பை எல்லாம் இழுத்துப் போட்டுக்காதீங்க. இந்த வருஷம் சிறந்த ஊழியர் சான்றிதழுக்கு உங்க பேரைத்தான் எழுதியிருக்கேன்."

அவர் நாலு பக்கத்துக்கு வாக்குமூலம் எழுதி, கையெழுத்துப் போட்டு, பதிவுப் பிரிவுக்குக் கொண்டுபோனார். எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது என்று பிரிவு எழுத்தர் கேட்டார். தவறுகள் பதிவேட்டில் என்றார். அதில் ஏற்ற வேண்டுமானால், பதிவேட்டின் தூய்மை கெடவில்லை என்று தலைவரின் சான்று வேண்டும் என்றார் எழுத்தர். அதற்கடுத்த வாரம் சான்றிதழ் விழா நடந்தது. சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்றை அவர் கையில் கொடுத்துக் கைதட்டினார்கள். பொறியாளர் எல்லோரையும்விடக் கூடுதலாகத் தட்டினார். அதை வீட்டுக்குக் கொண்டுபோக மனம் வராமல் மேசை இழுப்பறையில் கவிழ்த்து வைத்தார். அதன் மேலேயே வாக்குமூலத்தையும் வைத்தார்.

மறு மாதம் மாமியாரின் இன்னொரு கண்ணைக் காட்டப் போக வேண்டியிருந்தது. அன்று காலை வாரியத்துக்குப் போய் இழுப்பறையிலிருந்து வாக்குமூலத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். யாரிடம் கொடுப்பது என்று தெரியாது. நிர்வாகியிடம் நீட்டலாம் என்று ஒரு எண்ணம். வழியெல்லாம் அந்த எண்ணம் வருவதும் போவதுமாக இருந்தது.

மாமியாரின் கண்ணில் மருந்து விட்டு, மூடிக்கொண்டு உட்காரச் சொல்லியிருந்தார்கள். அவரைப் பெஞ்சில் உட்கார வைத்துத் திரும்பினால், பக்கத்திலேயே டோக்கன் அம்மா உட்கார்ந்திருந்தார். கூண்டுக்கு வெளியே. கையில் 12 என்று டோக்கன், இன்னொரு கையில் ஒரு சர்டிபிகேட்.

"நீங்க அன்னிக்கு ஆபீஸர்களோட வந்தவர்தானே," என்றார் அவரே. "டாக்டர் பாத்துட்டாங்க சார். கண்ணு ரெண்டும் நல்லா இருக்காம்."

நல்லதுதானே அம்மா என்றார் மூட்டைக்காரர்.

"எங்க நல்லது? கண்ணு கெட்டிருந்தா வேலை மட்டும்தான் போகுமாம். நல்லா இருந்தா, வேணும்னேதான் மாத்திக் கூப்பிட்டேன்னு ஆயிடுமாம். அந்த ரிப்போர்ட் மேல நாளைக்கு மேல்முறையீடு. இதைக் குடுக்கறதா கிழிச்சுப் போடறதான்னுதான் உக்காந்திருக்கேன்." கூண்டுப் பக்கம் பார்த்தார். "இன்னிக்கு என்னைப் பன்னெண்டாவதாக் கூப்பிட்டாங்க சார். ஒழுங்கா வருது. நான் போனதும் ஒழுங்கா வருதுன்னா, நெஜமாவே எனக்குத்தான் அப்படித் தெரிஞ்சுதோன்னு இப்பல்லாம் தோணுது. வீட்டுல காலண்டரை வெச்சுக்கிட்டு ஒவ்வொரு தேதியாச் சத்தமாப் படிச்சுப் பாக்கறேன்."

மூட்டைக்காரர் பையைத் திறந்து நாலு பக்கத்தையும் எடுத்து அவர் மடியில் வைத்தார். தப்பு உங்க மேல இல்ல, என் மேலதான், இதுல எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன், நாளைக்கு நானும் வந்து சொல்றேன் என்றார். தலைவரிடம் இரண்டு முறை சொல்லியும் ஏறாத வார்த்தைகள் இந்தப் பெஞ்சில் ஒரே மூச்சில் வந்துவிட்டன.

அந்த அம்மா நாலு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். நல்ல கண்கள், ஒரு வரியையும் விடவில்லை. மூன்றாம் பக்கத்தில் நிறுத்தி விரலை வைத்தார்.

"சரியான கோப்பு வெள்ளிக்கிழமையே உங்க மேசைக்கு வந்துடுச்சுன்னு போட்டிருக்கீங்க. அரை மணி நேர வேலைன்னும் போட்டிருக்கீங்க. அப்புறம் ஏன் சார் மாத்தலை?"

வாக்குமூலத்தில் அந்த இடத்தில் 'தவிர்க்க இயலாத காரணங்களால்' என்றுதான் எழுதியிருந்தார். பதினாறு வருட வாரிய வாசனை. இப்போது அது அவருக்கே நாறியது. பக்கத்தில் மாமியார் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். காது திறந்துதான் இருந்தது.

"நாலு மணி பஸ்ல போனா உக்கார எடம் கிடைக்கும்மா," என்றார்.

டோக்கன் அம்மா தாள்களை நாலாக மடித்து, சர்டிபிகேட்டோடு சேர்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். கூண்டிலிருந்து பதின்மூன்று என்று கூப்பிட்டார்கள். பதின்மூன்றாம் எண்காரர் எழுந்து போனார்.

"கிடைச்சுதா?" என்று கேட்டார்.

"கிடைச்சுதும்மா," என்றார் மூட்டைக்காரர். "ஜன்னல் ஓரம்."